சமூகவியல் படிக்கப் போகும் பிள்ளையை மறிக்கலாமா?

கொக்குவில் பெரியப்பா:

என் தம்பியின் மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாம் வருடத்தில் எடுக்கும் பாடங்களுள் சமூகவியலும் ஒன்று என்றும், பெறுபேறு இடங்கொடுத்தால் அதிலேயே நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படித்து, பின்பு மக்கள் நலனுக்கு அரசு வகுக்கும் திட்டங்களை ஆராயும் சமூகக் கொள்கையில் முதுமாணி செய்யப் போவதாகவும் பிள்ளை உறுதியாக நிற்கிறாள். தம்பி உயிரோடு இல்லை. ஆதலால் தாய் என்னிடம் முடிவு கேட்கிறார்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. 2017 ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் போராட்டம் இருந்தபோது, வேலைக்குப் போகும் வழியில் அவர்களை நாள்தோறும் கண்டவன் நான். நின்று கதைத்த வேளைகளில் நான் சந்தித்தவர்களுள் கூடுதலானோர் கலைப்பட்டதாரிகள். இவளும் ஒருநாள் அந்த வெயிலில் போய் இருக்கக் கூடாது. கணக்கியல் பரீட்சைகளை எழுதலாம், சட்டம் படிக்கலாம். சமூகத்தை அறிவதற்கு ஊரோடு ஒத்து வாழ்ந்தால் போதும், அதற்கு நான்கு வருடம் எதற்கு என்று கேட்டேன், பிள்ளை அழுதுவிட்டாள். நான் கேட்டது பிழையா என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தாவடி உத்தியோகத்தர்:

ஐயா, உங்கள் பயம் நியாயமானது, கேள்விதான் பிழை. நான் சமூகவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்து, இன்று ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். காத்திருந்த காலம் கசப்பானது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஊரோடு வாழ்ந்தவர்களுக்கு ஊர் விளங்கிவிடும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

2023 இல், வறிய குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய நலன்புரித் திட்டம் வந்தபோது, கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை அளந்தார்கள். பெயர் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகளைப் பார்க்கப் போன வீடுகளுள் ஒன்றை இன்றுவரை மறக்கவில்லை. ஒரு வளவு, ஒரு படலை, ஒரு கிணறு. ஓடு போட்ட முன்வீட்டில் மகளும் மருமகனும் பிள்ளைகளும். பின்னால் தகரம் சாய்த்த பத்தியில் எழுபது வயது கடந்த தாய். வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது, ஆனால் காணி உறுதியில் தாய்க்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை, வைத்திருக்கிறார்கள். படிவத்தின்படி அவர் வீடுடையவரா, இல்லாதவரா? சேர்ந்து சமைத்து உண்பவர்களையே ஒரு குடும்பம் என்று கணக்கெடுப்பில் கொள்கிறோம். அந்தத் தாயோ, கணக்கெடுக்க வந்தவரிடம் "நாங்கள் எல்லாரும் ஒன்றுதான், தம்பி" என்று சொல்லியிருக்கிறார். மருமகனோடு மனத்தாங்கல் என்பது வெளியே தெரிந்தால் மகளுக்கு மானக்கேடு என்று நினைத்திருக்கிறார். அதனால் முன்வீட்டின் ஓடும் மோட்டார் சைக்கிளும் அவருடைய வசதியாகப் பதிவாகிவிட்டன.

பத்தியின் மூலையில் மூன்று கல்லும் புதுச் சாம்பலும் இருந்ததைக் கண்டுதான் நான் திரும்பவும் கேட்டேன். ஒரு நேரம் சமைத்து இரண்டு நேரம் உண்பதாகச் சொன்னார். சாம்பலைத் தேடிப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்தது, சீதனத்தையும் குடும்பத்தையும் மானத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்கப் பழக்கிய அந்த நான்கு வருடப் படிப்பு.

நீர்வேலி ஆசிரியர்:

முப்பது வருடம் உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். தாவடித் தம்பி செய்தது நல்ல வேலை. ஆனால் அந்தச் சாம்பலைக் காண்பதற்குப் பட்டம் தேவையில்லை. அந்தக் காலத்து விதானையார் எவரும் வளவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை மனப்பாடமாகச் சொல்லியிருப்பார்.

சமூகக் கொள்கை என்ற பாடம் இங்கிலாந்தின் மண்ணில் முளைத்தது. 1942 இல் எல்லாருக்கும் சமூகப் பாதுகாப்பு வேண்டும் என்ற பெவரிஜ் அறிக்கை வந்தது. போர் முடிந்தபின் நலன்புரி அரசு எழுந்தது. அதை விளக்கவும் விமர்சிக்கவும் ஒரு துறை வேண்டியிருந்தது. 1950 இல் லண்டன் பொருளியற் பள்ளியில் அத்துறையின் முதற் பேராசிரியராக ரிச்சட் ரிற்மஸ் நியமிக்கப்பட்டார். அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர், காப்புறுதி நிறுவனமொன்றில் எழுதுவினைஞராக இருந்து புள்ளிவிபரங்களோடு பழகியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். வரி திரட்டும் வலுவுள்ள அரசைப் பற்றி எழுதப்பட்ட பாடத்தைக் கடனில் நிற்கும் நாட்டின் பிள்ளை படித்து எதற்குப் பயன்படுத்துவாள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் தற்கொலை வீதம் 1995 அளவில் உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்து, பின்னர் பாதிக்கும் கீழாக இறங்கியது. மிகவும் நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தமையே அதற்கு முதன்மைக் காரணம் என்று காட்டியவர்கள் மருத்துவ ஆய்வாளர்கள். எண்ணத் தெரிந்தவர்கள் கொள்கையை மாற்றினார்கள். நம்முடைய சமூகவியல் பிள்ளைகளோ எண்ணைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். ஆகவே பிள்ளை பொருளியலோ புள்ளிவிபரவியலோ படிக்கட்டும். ஊர்மேல் அக்கறை இருந்தால் அது தானாக வரும்.

மூன்றாம் வருட மாணவி:

நீர்வேலி ஐயாவுக்கு வணக்கம். நான் சமூகவியல் படித்துக்கொண்டிருப்பவள். எங்கே என்பது இங்கு தேவையில்லை. எண்ணைக் கண்டு ஒதுங்குகிறோம் என்பது உண்மை, எனக்கே அது குறையாகப் படுகிறது. சமூகவியலின் முன்னோடிகளான டியூர்கைமையும் வெபரையும் பரீட்சைக்கு மனனம் செய்யும் அளவுக்கு, ஒரு கணக்கெடுப்பு அட்டவணையை வாசிக்க நாங்கள் பழக்கப்படவில்லை. கொள்கை என்ற சொல்லோ கடைசி வருடத்தில்தான் காதில் விழும் என்கிறார்கள் மூத்த மாணவர்கள். இரண்டையும் முதல் வருடத்திலிருந்தே சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது இங்கிலாந்துப் பாடம் என்பதை மட்டும் மறுக்கிறேன். பெவரிஜ் அறிக்கை வந்த அதே 1942 இல் இலங்கையில் பங்கீட்டு அரிசி தொடங்கிவிட்டது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நீங்கள் படிப்பித்ததும் நான் படிப்பதும் அதனால்தான். சுதந்திரத்துக்கு முந்திய வருடமே ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான ஆணைக்குழு சமூக சேவைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சமூகக் கொள்கைக்காக ஓர் அரசாங்கம் ஆட்டங்கண்ட நாடு இது. 1979 இல் உணவு முத்திரை வந்ததும், 1989 இல் ஜனசவிய என்ற வறுமை ஒழிப்புத் திட்டம் வந்ததும், 1995 இல் சமுர்த்தி வந்ததும், இப்போது அஸ்வெசும வந்திருப்பதும் ஒரே கேள்விக்கு மாறி மாறிச் சொல்லப்படும் விடைகள்: எல்லாருக்கும் கொடுப்பதா, தெரிந்தெடுத்துக் கொடுப்பதா? இந்த வரலாற்றை நம் மொழியில் ஒழுங்காக எழுதி வைக்கவாவது ஆட்கள் வேண்டாமா?

பூச்சிகொல்லி பற்றி ஐயா சொன்னது சரி. அது மருத்துவ ஆய்வின் வெற்றி. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அதில் இன்னொரு பக்கம் உண்டு. போர் உக்கிரமாக நடந்த காலத்தில் இங்கே தற்கொலைகள் குறைந்தன என்பதை மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1990களில் எழுதினார். குண்டு விழும் ஊரில் ஏன் குறைய வேண்டும்? போர்க்காலங்களில் மக்கள் ஒன்றோடொன்று இறுகுவதால் தற்கொலை குறையும் என்று டியூர்கைம் 1897 இலேயே வாதிட்டிருந்தார். அந்த இறுக்கம் போர் முடிந்தபின் என்னவாகிறது, அவிழும்போது யார் தனித்துவிடப்படுகிறார்கள் என்பது பூச்சிமருந்துக் கடையைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் விடை கிடைக்கும் கேள்வி அல்ல.

பெரியப்பாவுக்கு ஒன்று. உங்கள் பெறாமகள் சட்டம் படிக்கலாம் என்றீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்தார்கள். அதன் வழிவந்த 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்றது. கணவர் காணாமற் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாட அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் களப்பயிற்சியில் நான் சந்தித்த ஓர் அம்மா அந்த வழியால் போகவில்லை. மகளின் சீதனத்துக்காகத் தன்னுடைய காணியைப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. அதற்காக நீதிமன்றத்துக்குப் போய் "அவர் இல்லை" என்று தன் வாயால் சொல்வது அவரைத் தானே கைவிடுவதாகும் என்கிறார். சட்டம் அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அவர் ஏன் படியேறவில்லை என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது.

நீர்வேலி ஆசிரியர்:

பிள்ளை, பங்கீட்டு அரிசியை நான் மறந்திருக்கக் கூடாது. என் சிறுவயதில் கூப்பன் கடை வரிசையில் நின்றவன். அந்த இடத்தில் என் வாதம் பிழைத்தது. ஆனாலும் உணவு முத்திரை ஏன் தோற்றது என்று பார். முத்திரையின் ரூபாய்ப் பெறுமதி விலைவாசியோடு உயர்த்தப்படவில்லை. சில வருடங்களுக்குள் அதன் வாங்கும் சக்தி தேய்ந்துபோனது. அதைக் கண்டுகொள்ளப் பணவீக்கம் தெரிந்தால் போதும். அந்த அம்மாவின் மனத்தை அறிவது பெரிய விஷயம், அதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் அப்படி எத்தனை அம்மாக்கள் என்று எண்ணிச் சொல்லாதவரை, கொழும்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்துகூடப் பார்க்க மாட்டார்.

தாவடி உத்தியோகத்தர்:

ஐயா, விலைவாசியோடு தொகை ஏறாதது கொழும்பில் எடுத்த முடிவு. ஆனால் அதைப் பற்றி யாரும் ஏன் 1953 இல் போல எழுந்து நிற்கவில்லை? அரிசி எல்லாருக்கும் உரியதாக இருந்தபோது எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். முத்திரை ஏழைக்கு மட்டும் என்று ஆனபின், அது தேய்ந்தபோது கேட்க ஆளில்லை. இன்று அஸ்வெசுமப் பெயர்ப்பட்டியலை ஒட்டி ஆட்சேபனை கேட்டால், அயலவரே "இவர்களுக்குக் கனடாக் காசு வருகிறது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பொங்கலுக்கு ஒருமுறை வரும் காசு அது. இந்தப் பிளவு கொள்கையால் உண்டானது. இதைப் பணவீக்கக் கணக்கில் காண முடியாது. எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "குடும்பம்" என்றால் யார் என்று தெரியாமல் எண்ணினால், அந்தப் பத்தியில் இருக்கும் தாயை இன்னும் துல்லியமாகத் தவறவிடுவோம், அவ்வளவுதான்.

கொக்குவில் பெரியப்பா:

எல்லாவற்றையும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். தேசவழமை பற்றிய இடத்தில் அவளுடைய தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி இறந்தபின் காணி எழுத அவர் அலைந்ததை நான் இத்தனை காலமும் ஒரு கந்தோர் வேலையாகத்தான் எண்ணியிருந்தேன்.

வேலை பற்றிய என் பயம் தீரவில்லை. கணக்கியல் பரீட்சையையும் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு அவள் இணங்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை. ஆனால் சமூகவியலை மறிக்கப் போவதில்லை. அதனோடு பொருளியலும் புள்ளிவிபரவியலும் எடுக்கலாமா என்று கேட்கிறாள். உயர்தரத்தில் அவள் கணிதம் படிக்கவில்லை. நீர்வேலி ஐயா, சமாளிப்பாளா?

நீர்வேலி ஆசிரியர்:

சமாளிப்பாள். சமூகவியல் பற்றிய என் கருத்து மாறவில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயோடு கூட்டி வாருங்கள். சாதாரண தரத்துக் கணிதக் கொப்பி இருந்தால் அதையும் கொண்டுவரட்டும், சராசரியிலிருந்து தொடங்கலாம்.