பெண்ணியப் புவியியல் களப்பணி: படிவமும் வரைபடமும் எங்கே சறுக்குகின்றன?

ஆண்-பெண் வேறுபாடு இடங்களையும் நடமாட்டத்தையும் எப்படி வடிவமைக்கிறது என்று பார்ப்பது பெண்ணியப் புவியியல். அதன் களப்பணியில், ஒருவர் நாள் முழுக்க எங்கெங்கே போனார் என்று பதியும் பயண நாட்குறிப்பில் ஒரு நிறுத்தத்துக்கு ஒரு வரி விடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரிடம் "எங்கே போனீர்கள்?" என்று மட்டும் கேட்டால் "வேலைக்கு" என்பார்; நடுவில் இருந்த இரண்டு நிறுத்தங்களும் காணாமல் போய்விடும். கிளம்பியது, சேர்ந்தது, எதில், யாரோடு, யாருக்காக: இத்தனையும் வேண்டும். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் பராமரிப்புப் பயணம் (பிள்ளை, முதியவர் என்று பிறருக்காகப் போவது) முழுக்க "இதர" கணக்கில் விழும். வீட்டில் இருக்கும் நேரத்துக்கு 15 நிமிடக் கட்டம் போடுங்கள். ஒரு மணி நேரக் கட்டம் கொடுத்தால் "வீட்டு வேலை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். "கூடவே செய்தது" என்று இன்னொரு பத்தியும் தேவை.

---

படிவத்தை நிரப்புவது யார் என்பதையும் பாருங்கள். குடும்பத் தலைவர் எல்லோருக்காகவும் பதில் சொன்னால் மனைவியின் பயணங்கள் குறைந்துதான் வரும்; கணவருக்கே தெரியாத நடைகள் எத்தனையோ! இரண்டு பேராகப் போய், கணவன், மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் தனித்தனி அறையில் கேட்பது நல்லது.

---

எந்த இடங்களைப் பயந்து தவிர்க்கிறார்கள் என்று குறிக்கும் அச்ச வரைபடத்துக்கு ஒரு அடிப்படை வரைபடம், மேலே இரண்டு ஒளிபுகும் தாள்கள்: பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. "பயமா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். "இந்த நேரத்தில் இந்த வழியே போவீர்களா, சுற்றிப் போவீர்களா?" என்று கேளுங்கள். வரும் படத்தை ஆபத்து வரைபடம் என்று மட்டும் தலைப்பிட்டுவிடாதீர்கள். புவியியலாளர் ஜில் வாலன்டைன் 1989-இல் காட்டியது போல, பெண்களின் அச்சம் பொது இடங்களோடு ஒட்டிக்கொள்கிறது; வன்முறையில் பெரும்பகுதியோ வீட்டுக்குள் நடக்கிறது. உங்கள் படத்தில் வீடு வெள்ளையாகவே இருக்கும். பதில் சொன்னவர்களின் வீடு இருக்கும் புள்ளிகளை அப்படியே வெளியிடவும் கூடாது. யார் வீடு என்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டங்களாகத் தொகுத்துக் கொடுங்கள்.

---

கையில் இருக்கும் நேரத்துக்குள் ஒருவர் எங்கெல்லாம் போய்வர முடியும் என்று காட்டுவது, கால-வெளிப் புவியியலை உருவாக்கிய ஸ்வீடன் புவியியலாளர் ஹேகர்ஸ்ட்ராண்டின் கால-வெளிப் பட்டகம். அதை வேகம், தூரம் இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நாலு மணிக்குப் பிள்ளையை அழைக்க வேண்டியவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லாதவருக்கும் ஒரே பட்டகம் வரும். ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு கேள்வி சேருங்கள்: வேறு நேரத்தில் செய்ய முடியுமா? வேறு இடத்தில்? இரண்டுக்கும் "இல்லை" என்றால் அது நிலைப்புள்ளி. பட்டகத்தை அங்கே வெட்ட வேண்டும். அப்படி வெட்டினாலும் அச்சம் அதில் தெரியாது. நேரம் இருக்கும், பேருந்து இருக்கும், ஆனாலும் போகமாட்டார். கால-வெளிப் புவியியல் உடலை வெறும் நகரும் கோடாக்குகிறது என்று பெண்ணியப் புவியியலாளர் கில்லியன் ரோஸ் 1993-இல் சொன்ன குறை இன்னும் தீரவில்லை என்பேன். அச்சத் தாளில் தவிர்த்த தெருக்களைச் சாலை வலையமைப்பில் இரவு நேரத்துக்கு மட்டும் அடைத்துவிட்டு, அவரவருக்குத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.