கலங்கிய நீருக்குச் சொல் தேடி: திரிதலா, திரளலா, தேற்றலா?

வேதியியல் ஆசிரியை, திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். பொதுத்தேர்வுக்கு முன் மாணவர்கள் திருப்பிப் படிப்பதற்காகக் குடிநீர்த் தயாரிப்பையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் சேர்த்து ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் பேனா நகர மறுக்கிறது.

ஆற்று நீரில் ஆலம் என்னும் அலுமினிய உப்பைக் கலந்ததும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. அதனால்தான் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கின்றன. அலுமினியம் அந்தச் சுமையைத் தணிக்கிறது. இது முதல் வேலை. சுமை தணிந்த துகள்கள் மெதுவான கலக்கலில் மோதி, ஒட்டி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருப்பது இரண்டாவது. ஆங்கிலத்தில் கோயாகுலேஷன், ஃப்ளாக்குலேஷன் என்று இரண்டு சொற்கள். என்னிடமுள்ள பழைய குறிப்பேட்டில் இரண்டுக்கும் 'உறைதல்' என்றே இருக்கிறது. 'நீரை உறையவைத்தல்' என்று அதில் படித்த மாணவி, நீரை 0 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும் என்று விடை எழுதினாள். தமிழ் தெரிந்த பெண் வேறெப்படி எழுதுவாள்?

என் முன்மொழிவு: முதல் வேலைக்குத் 'தேற்றல்', ஆலம் போன்ற பொருளுக்குத் 'தேற்றி'. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்து நீரைத் தெளியவைத்த வழக்கம் நம்முடையது. 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து' என்று கலித்தொகையே சொல்கிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் அதன் கொட்டை. இரண்டாவது வேலைக்கு எனக்குச் சொல் அகப்படவில்லை.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர், சென்னை:

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

'உறைதல்' ஒழியட்டும். இரத்தம் உறையலாம், தயிர் உறையலாம். நீரைப் பற்றிய பாடத்தில் அதற்கு வேறு பொருள் முன்பே குடியேறிவிட்டது.

'தேற்றல்' அழகான சொல்தான். ஆனால் அது விளைவைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்லவில்லை. நிலையத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆலக் கரைசலை ஊற்றி வேகமாகக் கலக்கும் தொட்டியில் நீர் தங்குவது ஏறக்குறைய 30 முதல் 60 விநாடி. சுமை தணிவது அங்கேதான். அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தால் நீர் வந்தபடியே கலங்கலாக இருக்கும். அடுத்த தொட்டியில் துடுப்புகள் சோம்பலாகச் சுற்றும். அங்கே 20, 30 நிமிடம். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால், சேர்ந்தவை சிதைந்துபோகும். பிறகு படியவைக்கும் தொட்டியில் சில மணி நேரம், அதன்பின் மணல் வடிகட்டி, கடைசியில் குளோரின். நீர் தெளிந்து கண்ணில் படுவது படியவைக்கும் தொட்டியில். 'தேற்றல்' என்ற பெயரை முதல் தொட்டிக்குக் கொடுத்தால், மற்ற தொட்டிகளின் உழைப்பை அது எடுத்துக்கொண்டுவிடும். 'தேற்றம்' என்றால் கணக்குப் பாடம் நினைவுக்கு வருவது வேறு.

பன்னிரண்டாம் வகுப்பில் கூழ்மங்கள் (நுண்துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவைகள்) பற்றிய பாடத்தில் 'திரிதல்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஏன் கீழ் வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது? எலுமிச்சைச் சாறு பட்ட பால் திரிகிறது என்கிறோம். அங்கும் புரதத் துகள்களை விலக்கி வைத்திருந்த எதிர்மின்சுமையை அமிலம் தணிக்கிறது, அவை சேர்கின்றன. வேதியியல் கிட்டத்தட்ட அதேதான். சமையலறையில் கேட்ட சொல்லைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: 'திரித்தல்' என்று பிறவினை ஆக்கிவிடாதீர்கள். கயிறு திரிப்பதும் வரலாற்றைத் திரிப்பதும் உள்ளே நுழைந்துவிடும். 'திரியச் செய்தல்' போதும்.

இரண்டாவது வேலைக்குத் 'திரளல்'. சேர்ந்து பெருத்த பொதிக்குத் 'திரள்'. வெண்ணெய் திரளும் நாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 'தேற்றி'யை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளலாம்: ஆலம், ஃபெரிக் குளோரைடு, முருங்கை விதை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். பொருளை அதன் விளைவால் அழைப்பதில் பிழையில்லை.

இன்னொன்று. கையேட்டில் 'படிகாரம்' என்று எழுதினால் கடையில் விற்கும் படிகாரம் என்று நினைப்பார்கள். அது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த இரட்டை உப்பு. குடிநீர் நிலையங்களில் ஆலம் என்று சொல்லிப் போடுவது பெரும்பாலும் வெறும் அலுமினியம் சல்பேட்டு. வேலை செய்வது இரண்டிலும் அலுமினியம்தான். அதன் மும்மைச் சுமையே காரணம்: ஒற்றைச் சுமையுள்ள சோடியத்தின் திறனை 1 என்று கொண்டால், கோட்பாட்டுக் கணக்கில் கால்சியத்துக்கு 64, அலுமினியத்துக்கு 729. உப்பைக் கொட்டி ஆற்று நீரைத் தெளியவைக்க யாரும் முயலாததன் காரணம் இந்த எண்களில் இருக்கிறது. நீரிலுள்ள பைகார்பனேட்டோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. கூழ் போன்ற அது, படியும்போது மிஞ்சிய துகள்களையும் வாரிக்கொண்டு இறங்குகிறது. நீரின் காரத்தன்மை குறைவாக இருந்தால் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டிவருவது இதனால்தான்.

பட்டதாரி ஆசிரியர், யாழ்ப்பாணம்:

வணக்கம் ஐயா, வணக்கம் ரீச்சர்.

திரிதலை ஏற்கிறேன். 'திரள்' மட்டும் மிகவும் பொதுவான சொல். மக்கள் திரளும் திரள், முகில் திரளும் திரள். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் கம்பளிப் பிசிரைக் குறிப்பது. நம்மிடம் அதற்கு நேரான சொல் உண்டு: 'துய்'. பஞ்சுபோன்ற மென்பிசிர். சங்கப் பாடலில் குரங்கு 'துய்த்தலை மந்தி' என்று வருகிறது. ஆலம் இட்ட நீரில் மிதப்பதைப் பார்த்தவருக்குத் துய் என்பது எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். நிகழ்வைத் 'துய்யாக்கம்' எனலாம்.

தலைப்பு குறித்தும் ஒரு சொல். எங்கள் பக்கம் 'கழிவுநீர்ப் பரிகரிப்பு' என்று எழுதுவோம். 'சுத்திகரிப்பு' என்றால் வெளியே வருவது சுத்தமான நீர் என்று மாணவர் எண்ணக்கூடும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலை முடித்து ஆற்றில் விடப்படும் நீரைக் குடித்தால் என்ன ஆகும்?

பொறியாளர்:

தம்பி, 'துய்' சுவையான கண்டுபிடிப்பு. ஆனால் 'துய்யாக்கம்', 'தூய்மையாக்கம்' இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீரைத் தூய்மையாக்கும் பாடத்திலேயே இந்தக் குழப்பத்தை நட வேண்டுமா? வினையாக்கினால் 'துய்த்தல்' வந்து நிற்கும்; அது நுகர்தல். பொதுவான சொல் என்பது இங்கே குறையில்லை. முன்னொட்டுச் சேர்த்து வேண்டிய அளவுக்குக் குறுக்கிக்கொள்ளலாம்.

அந்தத் தேவை கழிவுநீர்ப் பாடத்தில் உடனே வரும். அங்கே ஆலம் வழக்கமாக இல்லை. சல்லடையில் கந்தல், குச்சி நீங்கி, மணல் படிந்து, முதல் தொட்டியில் கசடு இறங்கியபின், மேல்நீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைத் தின்று பெருகித் தாங்களே பொதி பொதியாகச் சேர்கின்றன. அதுவும் திரள்தான். குடிநீர்ப் பாடத்தில் 'ஆலத்திரள்', கழிவுநீர்ப் பாடத்தில் 'உயிர்த்திரள்'. இரண்டு பாடத்திலும் தாங்காத சொல்லைக் கையேட்டில் சேர்க்காதீர்கள்.

இதை ஒட்டி இன்னொரு சிக்கலும் உண்டு. படிந்த உயிர்த்திரளில் ஒரு பகுதியைத் திரும்பவும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புவது இந்த முறையின் உயிர்நாடி. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் வெளியிட்ட முறை இது. கசட்டைக் கொட்டிவிடாமல் வைத்துக்கொண்டு அதன்மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றூட்டினால், வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிகிறது என்று கண்டார்கள். இதைச் 'செயலூட்டிய கசடு' என்று எழுதினால், 'செயலூட்டிய கரி'யோடு சேர்த்துப் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள். கரியின் வேலை நுண்துளைப் பரப்பால் நடப்பது. கசட்டின் வேலை உயிரால் நடப்பது. 'உயிர்க்கசடு' என்று வைத்தால் என்ன?

யாழ்ப்பாண ஆசிரியர்:

துய்யை மீளப் பெறுகிறேன். 'உயிர்க்கசடு' பற்றி ஐயம்: முதல் தொட்டிக் கசட்டிலும் நுண்ணுயிர் உண்டுதானே? காற்றில்லாச் செரிப்பு அறையில் மீத்தேன் தருவது யார்? திரும்ப அனுப்புவதுதான் வேறுபாடு என்றால் 'மீள்கசடு' நேரடியானது.

ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. கையேட்டில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

'ஆற்று நீரில் தேற்றியைக் கலந்ததும் களிமண் துகள்களின் மின்சுமை தணிகிறது, இது திரிதல். மெதுவாகக் கலக்கும்போது அவை சேர்ந்து திரளாகின்றன, இது திரளல். திரள்கள் அடியில் படிகின்றன. மேல்நீரை மணலில் வடித்து, குளோரின் கலந்து கிருமி நீக்குகிறார்கள்.'

திரிதல், திரளல், படிதல், வடித்தல் என்று வாயில் ஓட்டமாக வருவதால் வரிசையும் மனத்தில் நிற்கும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் பனிக்கட்டி கேட்கவில்லை. தலைப்பில் 'சுத்திகரிப்பு' இருக்கட்டும். தேர்வுத்தாளில் அதுதான் வரும். 'பரிகரிப்பு' என்ற வழக்கையும், வெளியேறும் நீர் குடிநீர் அல்ல என்பதையும் முதல் பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

உயிர்க்கசடா, மீள்கசடா என்பதில் எனக்கு இரண்டாவதன் பக்கம் சாய்வு. 'மீள்கசடு' என்றால் கசடு எங்கே மீள்கிறது என்று மாணவர் கேட்பார். கேட்டால் பாதிப் பாடம் நடத்தியாகிவிட்டது. ஆனால் முறையின் பெயராக வரும்போது 'மீள்கசட்டு முறை' சரியா, 'மீள்கசடு முறை' சரியா? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.