ஆம்னிஸ்பியர் 3-க்குக் காசு கட்டலாமா?

மதுரையில் ஆம்னிஸ்பியர் 2 (கணினியில் ஒலிகளை உருவாக்கி வாசிக்கும் சிந்தசைசர் மென்பொருள்) வைத்துக் குறும்படங்களுக்குப் பின்னணி இசை செய்கிறேன். 2025-இல் 3 வந்ததிலிருந்து மேம்படுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. டாலரை ரூபாயாக்கி வரியும் சேர்த்தால் ஒரு படத்துக்கு வாங்கும் சம்பளம் அப்படியே போய்விடும்.

பிரச்சினை இதுதான்: என் பேட் ஒலிகள் (காட்சிக்குப் பின்னால் நீண்டு ஒலிப்பவை) எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி கேட்கின்றன. ஓர் இயக்குநர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

இலவசமாகக் கிடைக்கும் சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் என்ற இரண்டு சிந்தசைசர்களையும் போட்டுப் பார்த்தாயிற்று. லீடுக்கும் (முதன்மை மெட்டு) பேஸுக்கும் (அடித்தள ஒலி) அருமை. ஆனால் பதிவுசெய்த ஒலிகளில் இருக்கும் அடர்த்தி வரவில்லை. அப்புறம் கோயில் மணி, தறிச் சத்தம் என்று நானே பதிவுசெய்ததை ஆம்னிஸ்பியர் 2-இல் ஏற்றி, கிரானுலர் முறையில் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைத்துப் பார்த்தேன். ஓரளவு கைகொடுத்தது, நேரம்தான் தின்கிறது. (செரம் என்ற இன்னொரு சிந்தசைசரை வைத்திருந்தவர்களுக்கு செரம் 2 இலவசமாகவே கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் தனி.)

விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், இசைப்பதிவுக்கு ரீப்பர் மென்பொருள், சாம்பிள்கள் (பதிவுசெய்த ஒலிக்கோப்புகள்) எஸ்எஸ்டியில். அடுத்த மாதம் புதுப் படம் தொடங்குகிறது.

2-இலிருந்து 3-க்கு மாறியவர்களே, பின்னணி இசை வேலையில் புதிய ஒலிகள் அன்றாடம் பயன்படுகின்றனவா, அல்லது அதே காசுக்குத் தனியாக ஒரு சவுண்ட் லைப்ரரி வாங்குவது மேலா?