பில் புத்தகத்தில் உள்ள எண்களை விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா?

சுங்குடிக்கடை:

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கிறோம். அப்பா தொடங்கிய கடை. நான்கு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்கிறேன். போன வாரம் ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து இருவர் வந்தார்கள். பில் புத்தகத்தில் இருக்கும் கைபேசி எண்களை எல்லாம் எக்செல்லில் ஏற்றித் தரச் சொன்னார்கள். அதை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் ஏற்றினால் அந்த ஆட்களுக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நம் விளம்பரம் தெரியுமாம். பிறகு அவர்களைப் போன்ற விருப்பம் உள்ள புதிய ஆட்களையும் மெட்டாவே தேடிக் கொடுக்குமாம். முதலாவதற்கு ‘கஸ்டம் ஆடியன்ஸ்’ என்றும் இரண்டாவதற்கு ‘லுக்அலைக்’ என்றும் பெயர் சொன்னார்கள்.

என்னிடம் ஏறத்தாழ நாலாயிரம் எண்கள் இருக்கின்றன. எல்லாம் கூரியர் அனுப்புவதற்காக வாங்கியவை. அப்பா வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்டால், “அது அவங்க நம்மை நம்பிக் கொடுத்தது” என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கோ சரக்கு தேங்கி நிற்கிறது. சாயம் தோய்ப்பதற்கு முன் துணியில் முடிச்சுப் போடும் பெண்களுக்கு வாராவாரம் கூலி கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை விளம்பரக்காரர்:

தயங்காமல் கொடுங்கள். பதினோரு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். உங்களைப் போன்ற சிறு கடைக்கு நாளிதழில் கால் பக்க விளம்பரம் கட்டுப்படியாகுமா? தொலைக்காட்சியில் பத்து நொடி வாங்க முடியுமா? நாளுக்குச் சில நூறு ரூபாயில், கைத்தறி பிடித்தவர்களை மட்டும் தேடிப் போய்ப் புடவையைக் காட்டும் வசதி உங்கள் அப்பா காலத்தில் எந்தச் சிறு வணிகருக்கும் கிடைக்கவில்லை.

அந்த நிறுவனம் இப்போது எண்களைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐபோனில் ஒரு மாற்றம் செய்தது. ஒரு செயலி உங்களை மற்ற செயலிகளிலும் இணையதளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் முதலில் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். பெரும்பாலானோர் மறுத்துவிட்டார்கள். அதனால் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று மெட்டாவே முதலீட்டாளர்களிடம் சொன்னது. வெளியிலிருந்து திரட்டிய தகவல் வற்றிப்போன பிறகு, கடைக்காரர் தன் கையில் வைத்திருக்கும் பட்டியலுக்குத்தான் மதிப்பு. ஒரு நாட்டில் நூறு பேர் பொருந்தினாலே லுக்அலைக் உருவாக்கலாம். உங்களிடம் நாலாயிரம் இருக்கிறது. அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுச் சரக்கு தேங்குகிறது என்று வருந்துவது சரியில்லை.

நெல்லை ஆசிரியை:

அந்தப் பட்டியலில் ஓர் எண்ணாக இருந்தவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். என் தங்கை ஐந்தாம் மாதத்தில் ஒரு பெரிய துணிக்கடையில் வளைகாப்புக்கான புடவையும், ஆசைப்பட்டுக் குழந்தைத் துணியும் எடுத்தாள். பில் போடும்போது எண் கேட்டார்கள், கொடுத்தாள். அடுத்த மாதமே அந்தக் கர்ப்பம் நிலைக்காமல் போயிற்று. அதன் பிறகு பல மாதங்கள் அவள் கைபேசியைத் திறக்கும்போதெல்லாம் தொட்டில், பால்புட்டி, குழந்தைச் சட்டை. அவற்றில் எது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரைப் போய்க் கேட்பது? அவள் எண்ணைக் கொடுத்தது ஒரு பில்லுக்காக.

உங்கள் அப்பா சொன்னதற்கு மேல் ஒரு காரணமும் தேவையில்லை. கூரியருக்கு என்று சொல்லி வாங்கிய எண் கூரியருக்குத்தான்.

கோவை விளம்பரக்காரர்:

அம்மா, உங்கள் தங்கைக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன். அப்படிப்பட்ட விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் அமைப்பு மெட்டாவில் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பையே குறைத்துக் காட்டும்படி நாம் மாற்றிவைக்கலாம். ஆனால் துயரத்தில் இருப்பவர் அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்களை ஏற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை அப்படியே போவதில்லை. ஏற்றும்போதே ‘ஹேஷ்’ என்ற முறையில் புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடும். மெட்டாவும் தன்னிடம் உள்ள எண்களை அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும். யாருடைய எண்ணும் யார் கண்ணிலும் படுவதில்லை.

புள்ளியியல் மாணவன்:

இந்த இடத்தில் குறுக்கிட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தச் சமாதானம் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லப்படுகிறது. நம் நாட்டுக் கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கங்கள், தொடக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். அத்தனைக்கும் ஹேஷ் கணக்கிட்டு ஒரு பட்டியல் போட்டு வைக்கச் சாதாரணக் கணினிக்கு ஒரு நாள்கூட வேண்டாம். அதன் பிறகு எந்த எழுத்துக்கோவை எந்த எண் என்று திருப்பிக் கண்டுபிடிப்பது அகராதி பார்ப்பது போலத்தான். ஹேஷ் செய்ததால் தகவல் அடையாளமற்றதாகிவிடாது என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2024 ஜூலையில் வெளிப்படையாகவே எழுதியது. ஐயா சொல்வதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒப்பீட்டின் நோக்கமே இந்த எண் இன்னாருடையது என்று அடையாளம் காண்பதுதான். அடையாளம் காண முடியாவிட்டால் அந்த விளம்பரமே நடக்காது.

பழைய ஜவுளி:

ஈரோட்டில் நாற்பது ஆண்டு ஜவுளி வியாபாரம். எங்கள் பேரேட்டில் எல்லாமே இருந்தது. எந்த வீட்டில் எப்போது கல்யாணம், எந்த அம்மாவுக்கு அரக்கு நிறம் பிடிக்கும், யார் தீபாவளிக்கு எத்தனை உருப்படி எடுப்பார், எல்லாம் எழுதி வைத்திருந்தோம். அதைப் பார்த்துத்தான் கொள்முதல் செய்தோம். ஆடியில் அஞ்சலட்டை போடுவோம். யாரும் குற்றம் சொன்னதில்லை. வந்த ஆளைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி வியாபாரம் செய்வது? தம்பி கேட்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

நெல்லை ஆசிரியை:

ஐயா, உங்கள் பேரேடு உங்கள் கல்லாவை விட்டு வெளியே போனதா? அஞ்சலட்டை போட்டது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், வேண்டாம் என்றால் உங்களிடமே வந்து சொல்லியிருப்பார். இங்கே பேரேட்டையே மூன்றாவது ஆளிடம் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த மூன்றாவது ஆளிடம் கோடிக்கணக்கானவர்களின் பேரேடு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வினாடி வினாச் செயலி வழியாக எடுத்த ஃபேஸ்புக் பயனர்களின் தகவலை அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரத்தில், இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் 5.62 லட்சம் இந்தியர்களின் தகவல் வெளியே போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது. தன்னுடையது அல்லாத தகவலை ஒருவர் கொடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது போதாதா?

பழைய ஜவுளி:

நியாயம்தான். பேரேட்டை நான் பக்கத்துக் கடைக்காரருக்குக்கூடக் காட்டியதில்லை.

கோவை விளம்பரக்காரர்:

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவையும் ஒரு புடவைக் கடையையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. நண்பர்களின் தகவலைச் செயலிகள் எடுக்கும் வழியை ஃபேஸ்புக் பிறகு அடைத்துவிட்டது. இங்கே பேசுவது முடிச்சுப் போடும் பெண்களின் கூலியைப் பற்றி. அறம் பேசுகிறவர்கள் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சுங்குடிக்கடை:

எல்லோருக்கும் நன்றி. கூலி பற்றிப் பேச்சு வந்ததால், முதல் பதிவில் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்டாகிராம் இலவசமாகக் காட்டும் புள்ளிவிவரத்தை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பின்தொடர்பவர்களில் பெரும்பங்கு 25 முதல் 34 வயதுப் பெண்கள், முதல் இரண்டு ஊர்கள் சென்னையும் பெங்களூரும். வெளிர் நிற அச்சுச் சுங்குடிக்கு லைக் அதிகம். கையால் முடிச்சுப் போட்ட அடர் நிறப் புடவைக்குக் குறைவு. ஆகவே கைமுடிச்சுப் புடவைப் பதிவுகளைக் குறைத்தேன். குறைத்ததால் இன்னும் குறைவாகப் பார்த்தார்கள். இன்னும் குறைத்தேன். கைமுடிச்சு தேங்கியது இப்படித்தான்.

சென்ற மாதம் அப்பா உட்கார்ந்து, முப்பது பேருக்குத் தொலைபேசியில் பேசினார், புடவை எப்படி உழைக்கிறது என்று விசாரிக்க. பாதிக்கு மேல் ஒரே கதை. பின்தொடர்வது மகள், கட்டுவது அம்மா. மகள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள், அம்மா “முடிச்சுப் போட்டதுதானா, அச்சா?” என்று கேட்டிருக்கிறார். துணியைப் பிரித்தால் முடிச்சின் சுருக்கம் தெரிய வேண்டும் என்பது அந்த அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் திரையில் அந்த அம்மாக்கள் இல்லவே இல்லை.

புள்ளியியல் மாணவன்:

அண்ணா, இந்தத் திரியில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பின்தொடர்பவரும் வாங்குபவரும் ஒருவரே என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காட்டாத புடவைக்கு லைக் விழ வழியில்லை, விழாத லைக்கைப் பார்த்து அந்தப் புடவைக்கு ஆள் இல்லை என்று முடிவு கட்டுகிறோம். நாலாயிரம் எண்ணை ஏற்றினாலும் இதே தவறு வேறு உருவில் வரும். பார்சல் வாங்கும் மகளின் எண்ணை வைத்து மகளைப் போன்றவர்களைத்தான் மெட்டா தேடும்.

பெரிய நிறுவனமும் இதில் இடறியிருக்கிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் ஃபெப்ரீஸ் வாசனைப் பொருளுக்கு, செல்லப் பிராணி வளர்ப்பவர்கள், பெரிய குடும்பத்தினர் என்று பொறுக்கியெடுத்து ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்தது. விற்பனை நகரவில்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று விரித்த பிறகுதான் ஏறியது. “மிகக் குறுக்கிவிட்டோம்” என்ற பொருளில் அதன் விளம்பரத் தலைவர் 2016இல் வெளிப்படையாகவே பேசினார்.

கோவை விளம்பரக்காரர்:

ஃபெப்ரீஸ் எல்லா வீட்டுக்கும் வேண்டிய பொருள். கைமுடிச்சுச் சுங்குடி அப்படியா? ஊருக்கெல்லாம் காட்டினால் இவர் ஒரு மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான். குறுக்கித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் குறுக்குவது என்பதுதான் கேள்வி.

ஆனால் இவர் சொன்ன தொலைபேசிக் கதை என்னை யோசிக்க வைத்தது. லைக்கைப் பார்த்தது தவறு தம்பி. லைக் போடுவதற்கு ஒரு விரல் போதும். எத்தனை பேர் பதிவைச் சேமித்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். மகள் அம்மாவுக்கு அனுப்பியது அந்த ‘பகிர்வு’ எண்ணில்தான் மறைந்திருக்கும், இன்ஸ்டாகிராமுக்குள் அனுப்பியதாவது தெரியும். கைமுடிச்சுப் பதிவுகளின் பகிர்வை அச்சுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

சுங்குடிக்கடை:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். லைக் குறைவு. பகிர்வு கைமுடிச்சுக்குத்தான் அதிகம். இரண்டு ஆண்டுகளாக அந்த எண் என் கண்முன்னேயே இருந்திருக்கிறது.

நெல்லை ஆசிரியை:

பாருங்கள், யாருடைய எண்ணையும் யாருக்கும் கொடுக்காமல் கிடைத்த விடை இது. சட்டமும் இதையே சொல்கிறது. 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட எண் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு வந்த எண்முறைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக வாங்கினாயோ அந்த நோக்கத்தோடு நிறுத்து என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தகவலைப் பாதுகாக்கத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கோவை விளம்பரக்காரர்:

சிறு கடைக்கு 250 கோடி என்று பயமுறுத்த வேண்டாம் அம்மா, அது உச்ச வரம்பு. ஆனாலும் அவகாசம் முடிவதற்குள் ஒப்புதல் வாங்கும் பழக்கத்துக்கு வந்துவிடுவது நல்லது என்றுதான் என் வாடிக்கையாளர்களிடமும் சொல்கிறேன். ஒப்புதல் கொடுத்தவர்களின் எண்ணை ஏற்றலாம் என்ற என் நிலையில் மாற்றமில்லை.

புள்ளியியல் மாணவன்:

ஒப்புதல் இருந்தாலும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கே விளம்பரம் காட்டுவதால் லாபமா என்று முதலில் அளந்து பாருங்கள். ஒருவர் உங்கள் விளம்பரத்தைத் தொடாமல் பார்த்துவிட்டு ஒரே நாளில் வாங்கினாலும் அந்த விற்பனையை மெட்டா தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். அவர் எப்படியும் வாங்கியிருப்பாரா என்று அந்த அறிக்கை சொல்லாது. ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனம் கூகுள் தேடல் விளம்பரத்தைச் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திச் சோதித்தது. அடிக்கடி வாங்குபவர்கள் விளம்பரம் இல்லாமலும் வந்து வாங்கினார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வாங்குபவர்களிடமும் மட்டுமே விளம்பரத்தால் பயன் தெரிந்தது.

அண்ணாவும் அதைச் செய்யலாம். திருச்சியிலும் கோவையிலும் ஆறு வாரம் விளம்பரம் போடுங்கள், சேலத்திலும் நெல்லையிலும் போடாதீர்கள். பார்சலில் இருக்கும் பின்கோடை வைத்து எந்த ஊருக்கு எத்தனை புடவை போனது என்று எண்ணுங்கள். முந்தைய ஆறு வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஆள் பெயரே தேவையில்லை.

பழைய ஜவுளி:

பின்கோடு யோசனை அருமை. திருவிழா, முகூர்த்த நாள் குறுக்கிடாத ஆறு வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆடியில் வைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

சுங்குடிக்கடை:

முடிவு செய்துவிட்டேன். நாலாயிரம் எண்ணையும் கொடுக்கவில்லை. இனிமேல் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைக்கப்போகிறேன். புதிய புடவை வந்தால் தகவல் வேண்டும் என்பவர்கள் எங்கள் கடை எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்துக்கொண்டு, “சரி” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியல் செய்தி நம் எண்ணைச் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும் என்பதால், வேண்டாதவருக்குப் போகாது. கட்டப்போவது யார், நீங்களா, அம்மாவா, மாமியாரா என்று ஒரு கேள்வியும் அந்தச் சீட்டில் இருக்கும். கைமுடிச்சுக்கு வாரம் இரண்டு பதிவு, லைக் எவ்வளவு விழுந்தாலும். நான்கு ஊர்ச் சோதனையைத் தை மாதத்துக்குப் பிறகு தொடங்குகிறேன்.

கோவை விளம்பரக்காரர்:

நாலாயிரத்தையும் விட்டுவிடுவது நட்டம் என்றே இன்னும் நினைக்கிறேன். இருந்தாலும் சோதனையின் முடிவை இங்கே போடுங்கள். விளம்பரத்தில், முடிச்சை அவிழ்க்கும் அந்த நொடியைக் காட்டும் காணொளியை வையுங்கள், மகள் அதைத்தான் அம்மாவுக்கு அனுப்புவாள்.