கடை மூடப்போகிறது என்று உங்களுக்கு எப்போது உறைத்தது?

நாலாம் தளம்:

கடையின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஆண்கள் பிரிவு, ஒன்பது வருடம். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஒரு வருடமாக ஓடுகிறது, அதைப் பற்றி எழுத வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நடந்தது மட்டும் மண்டையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

சென்ட் கவுண்டர் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இடம்தான் கடையுடையது. சரக்கும் ஆளும் கம்பெனிக்காரர்களுடையது. அன்றைக்குக் கடை திறப்பதற்கு முன்பே இரண்டு பேர் வந்துவிட்டார்கள். டெஸ்டர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். கடைசியாகச் சுவரில் இருந்த விளக்குப் பலகையைக் கழற்றினார்கள். மற்ற இடமெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, பலகை இருந்த இடம் மட்டும் பெயின்ட் அடித்த அன்று போல வெள்ளையாக இருந்தது. ஏழு வருடம் எனக்கு எதிரே நின்ற பெண், "வேற கிளைக்குப் போடுறாங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு, டிராயரில் வைத்திருந்த பழைய செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நாள் முழுக்க நிற்பதற்காக வைத்திருந்த மெத்துச் செருப்பு அது.

மேனேஜர் வந்து சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அங்க ஏதாவது மாட்டி வை" என்றார். பெல்ட் மாட்டினேன். இருபத்து நான்கு பெல்ட். சதுரம் இன்னும் தெரிகிறது.

இந்தக் கவுண்டர்காரர்களுக்கு நமக்கு முன்பே விஷயம் தெரிந்துவிடுமா? உங்களுக்கெல்லாம் எதைப் பார்த்தபோது உறைத்தது?

முன்வரிசை:

எனக்கு டவல் ரேக். சரக்கு குறைந்ததும் எல்லாவற்றையும் முன்னால் இழுத்து விடச் சொல்வார்களே, அதேதான். தூரத்திலிருந்து பார்த்தால் ரேக் நிறைந்திருக்கும், பின்னால் காற்று. தினமும் காலையில் ஒரு மணி நேரம் இந்த வேலைதான். ஒரு நாள் ஒரு அம்மா நீல டவல் இரண்டை உருவினார். அந்த ஓட்டை வழியாக, மறுபக்கம் நின்றிருந்த அவருடைய பையன் தலையை நீட்டி "பே!" என்றான். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அந்த அம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "வேற கலர் வராதா இனிமே?" என்று கேட்டார். அந்த "இனிமே" எனக்குப் போதுமானதாக இருந்தது. எட்டு வாரத்தில் மூடிவிட்டார்கள்.

கொள்முதல்காரன்:

முன்வரிசை சொல்வது உண்மை, ஆனால் ரேக் காலியாவது கடைசிக் கட்டம். அதற்கு மாதக்கணக்கில் முன்பே ஆபீஸ் மாடியில் விஷயம் முடிந்திருக்கும். ஃப்ளோரில் நிற்பவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

சப்ளையர் சரக்கைக் கடனுக்குத்தான் தருகிறார். முப்பது நாள், அறுபது நாள், சில இடத்தில் தொண்ணூறு. கடை பணம் தராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவர் ஒரு காப்பீடு எடுத்து வைத்திருப்பார். கடையின் கணக்கு மோசமாகத் தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் கடைக்கான வரம்பைக் குறைக்கும், அல்லது ஒரேயடியாக நிறுத்தும். அவ்வளவுதான், மறுநாளே சப்ளையர் "பணம் முதலில், லாரி பிறகு" என்பார். பணம் தட்டுப்பாடாக இருக்கும் கடைக்குச் சரக்கு வாங்கவே முன்பணம் வேண்டும் என்றால் எங்கே போவது? சரக்கு குறைகிறது, அதனால் விற்பனை குறைகிறது, அதனால் பணம் இன்னும் குறைகிறது. பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் 2008-ல் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. 807 கடைகள், ஏறத்தாழ 27,000 ஊழியர்கள். அந்த டிசம்பர் கடைசியில் கதவைச் சாத்த ஆரம்பித்து 2009 ஜனவரி 6-க்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். நூறு வருடத்தைத் தொடவிருந்த கடை அது.

என் கதை என்று கேட்டால் ஒரு போன்தான். பதினாறு வருடமாகச் சட்டை அனுப்பும் மனிதர். எப்போது போன் செய்தாலும் முதலில் வீட்டில் எல்லோரையும் விசாரிப்பார். அன்றைக்கு விசாரிக்கவில்லை. "பேங்க்ல பணம் ஏறினதும் சொல்லுங்க சார், வண்டியை விடுறேன்" என்றார். "சார்" என்று அதுவரை அவர் என்னை அழைத்ததே இல்லை.

நாலாம் தளம் நண்பருக்கு: ஆமாம், முன்பே தெரியும். கவுண்டரில் விற்கிற பணம் முதலில் கடைக் கல்லாவில்தான் விழுகிறது. கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அது பத்து நாள் தாமதமானால் அவர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

இரவு ஷிஃப்ட்:

எஸ்கலேட்டர்.

ஏறுகிற பக்கம் நின்று ஐந்து மாதம். "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பணி எதுவும் நடைபெறவில்லை, நான்தான் இரவு முழுக்க அங்கே இருப்பவனாயிற்றே. ஜனங்கள் உரசி உரசித் தாள் கிழிந்துபோனது. சரி, இப்போதாவது ரிப்பேருக்கு ஆள் வருவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் டியூட்டிக்கு வந்தால் புதுத் தாள், அதற்கு லேமினேஷன் வேறு. டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றேன். லேமினேஷன் போடுகிறவன் இதை ரிப்பேர் செய்யப் போவதில்லை.

பல்பும் அப்படித்தான். மூன்றாம் தளத்தில் எரியாத பல்புக்குப் பதிலாக ஐந்தாம் தளத்து பல்பைக் கழற்றிப் போட்டார்கள். பிறகு ஐந்தாம் தளத்தையே கயிறு கட்டி அடைத்தார்கள். "புதுப் பொலிவுடன் விரைவில்" என்று பலகை. விரைவில் வரவில்லை.

மூன்று முறை பயந்தவள்:

எல்லோரும் மூடின கதையாகவே எழுதுகிறீர்கள். மூடாத கதை ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சால்தான் என் தோழி வேலையை விட்டாள்.

எங்கள் கடையிலும் லிஃப்ட் நின்றது, பல்பு எரியவில்லை, புது ஆள் எடுப்பது நின்றது. பிறகு டை கட்டிய ஒருவர் வந்து சிவப்புப் புள்ளி விழும் கருவியால் தளத்தை அளந்தார். மூலையில் அந்தக் கருவி சரியாக வேலை செய்யவில்லை போல, சாதாரண டேப்பை எடுத்து ஒரு முனையை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிங்கம்மா" என்றார். நான் நிற்கிற இடத்தை விற்பதற்கு நானே டேப் பிடிக்கிறேனே என்று கை நடுங்கியது. பில்லிங் பெண்கள் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கேட்டே விட்டேன், "மூடப் போறாங்களா சார்?" அவர் விழித்தார். "தெரியலையேம்மா, எனக்குக் கார்ப்பெட்டுக்கு அளவு எடுக்கச் சொன்னாங்க" என்றார்.

கார்ப்பெட் வந்தது. அந்தக் கடை இன்னும் ஓடுகிறது. ஆனால் அந்த வாரமே என் தோழி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள், பதினோரு வருட சர்வீஸ். அவளாக விட்டதால் நஷ்டஈடு என்று ஒரு பைசா கிடையாது. ஆகவே இரவு ஷிஃப்ட் அண்ணா, லேமினேஷனைப் பார்த்தெல்லாம் முடிவு செய்யாதீர்கள். வெறும் சிக்கனமாகவும் இருக்கும்.

இரவு ஷிஃப்ட்:

தங்கச்சி, எங்கள் கடை இப்போது கார் பார்க்கிங்.

கொள்முதல்காரன்:

இரண்டு பேருமே சரி. ஆனால் "தப்பித்தோம்" என்பதையும் அவ்வளவு சீக்கிரம் நம்ப வேண்டாம். கனடாவின் ஹட்சன்ஸ் பே கம்பெனி 1670-ல் தொடங்கியது. 2025 மார்ச்சில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. ஆறு கடை மட்டும் பிழைக்கும், மற்றதெல்லாம் மூடல் விற்பனை என்றார்கள். அந்த ஆறு கடைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். ஏப்ரலிலேயே அந்த ஆறையும் விற்பனைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜூன் 1-ம் தேதி எல்லாக் கதவும் மூடியாயிற்று.

புது முதலாளி வந்தார் என்று இனிப்பு கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனின் பி.ஹெச்.எஸ் கடைகளை 2015-ல் ஒரு பவுண்டுக்குக் கைமாற்றினார்கள். எழுத்துப் பிழை இல்லை, ஒரே ஒரு பவுண்டு. அடுத்த வருடமே கடை விழுந்தது, சுமார் 11,000 பேர் வேலை போயிற்று.

சம்பளச் சீட்டு:

என் கதை சின்னது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரையும் செருப்புப் பிரிவில் உட்காரச் சொன்னார்கள், செருப்பு போட்டுப் பார்க்கிற அந்தக் குட்டை முக்காலிகளில். ஐம்பது வயது ஆட்கள் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்து சேதி கேட்டோம். அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் செய்ய வேண்டியது. சம்பளச் சீட்டுகளை உடனே நகல் எடுங்கள். கம்பெனி மின்னஞ்சலில்தானே இருக்கிறது என்று விட்டால், கடைசி நாளன்று அது திறக்காது. வருகைப் பதிவு, ஓவர்டைம் எழுதிய தாள், இரண்டையும் போட்டோ எடுங்கள். வருங்கால வைப்புநிதிக்கு உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பணமுடை வந்தால் முதலில் கை வைக்கிற இடம் அது. பயணப்படி பாக்கி இருந்தால் இன்றைக்கே பில் கொடுங்கள். தேதி போடாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது தேன் தடவிப் பேசினால் எழுதவே எழுதாதீர்கள், மேலே அந்தத் தோழிக்கு நடந்ததைப் படித்தீர்களே. கடைசி நாள் வரை இருந்தால் தனித்தொகை உண்டு என்றால், "கடைசி நாள்" எது, அதை யார் முடிவு செய்வார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு அந்த நாள் மூன்று முறை தள்ளிப்போனது. நான்கு வாரம் முன்னால் வேறு வேலை கிடைத்துப் போனவனுக்கு ஒன்றும் இல்லை. முன்னறிவிப்பு எத்தனை நாள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1988-ல் வந்த சட்டப்படி நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவாக அறுபது நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் இடத்தில் என்னவென்று தொழிலாளர் துறையில் விசாரியுங்கள், சூப்பர்வைசரிடம் கேட்காதீர்கள், பாவம் அவருக்கும் தெரியாது. கடையின் கிஃப்ட் வவுச்சர் வீட்டில் இருந்தால் இந்த வாரமே செலவழித்துவிடுங்கள். அப்புறம்...

பொம்மைக்காரி:

அண்ணா, யாரும் கேட்கவில்லையே! (சம்பளச் சீட்டை மட்டும் நகல் எடுத்துவிட்டேன்.)

நான் அலங்காரப் பிரிவு, கண்ணாடி ஜன்னலுக்குள் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது. மூடல் விற்பனை நடத்த வெளியாட்கள் வந்தார்கள். நாங்கள் ஒரு நாளும் விற்காத சரக்கெல்லாம் லாரியில் வந்து இறங்கியது, எங்கள் கடைச் சரக்கு போல அதற்கும் தள்ளுபடிச் சீட்டு ஒட்டினோம். துணி தீர்ந்ததும் ரேக், ஹேங்கர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் விலை போட்டார்கள். பொம்மைகளுக்கும்.

ஒருவர் நான் பதினான்கு வருடம் உடுத்திய பொம்மையை வாங்கி, இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு போனார். வாசல் தாண்டுகிறார், ஒரு கை கீழே விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. அந்த இடது கை எப்போதுமே லூஸ், உள்ளே காகிதம் மடித்து வைத்தால்தான் நிற்கும், அது எனக்குத்தான் தெரியும். கையை எடுத்துக்கொண்டு ரோட்டில் அவர் பின்னால் ஓடினேன். மாட்டிக் கொடுத்துவிட்டு, காகிதம் வைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் அந்தப் பொம்மையை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

மூன்று முறை பயந்தவள்:

படித்துவிட்டு பில்லிங்கில் உட்கார்ந்து அழுகிறேன் அக்கா. எங்கள் கார்ப்பெட் ஓரம் பிய்ந்துகொண்டு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் தளம்:

எல்லோருக்கும் நன்றி. சென்ட் கவுண்டர் பெண் நேற்று போன் செய்தார். வேறு கிளை என்று எதுவும் இல்லை, அவரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை மேனேஜர் வந்து சுவரில் உள்ளதையெல்லாம் எண்ணச் சொன்னார். ஸ்டாக் எடுப்பு வருடக் கடைசியில்தான், இது சீசன் நடுவில். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெல்ட் இருபத்து மூன்று. ஒன்று விற்றிருக்கிறது.