புதுப்பிப்பு: கரண்ட் (புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்து 7 வாரம்

"மார்புக்கு 15 தடவை கரண்ட் வைத்து முடிந்தது. அடி மடிப்பில் தோல் உரிந்து எரிகிறது, ஆறுமா?" என்று அழுதுகொண்டே கேட்டிருந்தேன். தைரியம் சொன்ன அக்காமாருக்கெல்லாம் முதலில் இதைச் சொல்லணும்: ஆறிவிட்டது.

கரண்ட் நின்றதும் எரிச்சலும் நிற்கும் என்று நினைத்ததுதான் என் தப்பு. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். எனக்கு 10-ஆம் நாள்தான் உச்சம். நீர் கசிந்த இடத்தில் அவர் தந்த களிம்பு மட்டும் போட்டேன். அம்மா "ஏட்டி, மஞ்சளும் தேங்கா எண்ணெயும் குழைச்சுப் பூசுதேன்"னு கிண்ணத்தோடு வந்துவிட்டாள். நர்ஸம்மாவைப் போனில் பேச வைத்த பிறகுதான் விட்டாள். உள்பாடி போடாமல், அப்பாவின் பழைய பருத்திச் சட்டையிலேயே நாளைக் கழித்தேன். கல்லிடைக்குறிச்சிக்காரிக்கு ஆற்றில் முங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! இன்னும் படித்துறையில் கால் மட்டும்தான் நனைக்கிறேன்.

அசதி போகவில்லை. காலை 11 மணிக்கே துவண்டுவிடுகிறேன். படுத்தே கிடந்தால் கூடுகிறது. சாயங்காலம் வாய்க்கால் கரையில் 20 நிமிஷம் நடந்தால் அன்று ராத்திரி நல்ல தூக்கம். ஆபரேஷனில் அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கத்துக் கைக்கு, சுவரில் விரலால் ஏறும் பயிற்சி தினமும் உண்டு. குடம் தூக்குவது இப்போதைக்கு மதினிதான்.

வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ மாதம் சில கழித்து வந்தாலும் உடனே காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இதை எனக்கு முன்பு யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் செக்கப். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.