கருத்தாடலா, சொல்லாடலா? ‘டிஸ்கர்சிவ் இன்ஸ்டிட்யூஷனலிசம்’ குறித்து

நண்பர்களுக்கு வணக்கம்.

‘டிஸ்கர்சிவ் இன்ஸ்டிட்யூஷனலிசம்’ (discursive institutionalism) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் முன்மொழியப்பட்டுள்ள ‘சொல்லாடல் அமைப்புவாதம்’ என்பதன் எந்தப் பகுதியையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அரசியல் அறிவியலின் புதிய நிறுவனக் கோட்பாடுகளை 1996இல் பீட்டர் ஹாலும் ரோஸ்மேரி டெய்லரும் மூன்றாக வகுத்தனர்: ஆதாயம் கணக்கிடும் மனிதரிலிருந்து தொடங்குவது, பழைய முடிவுகள் பின்வரும் பாதையைக் கட்டுப்படுத்துவதைக் காட்டும் வரலாற்று வகை, பண்பாட்டு நெறிகளை முதன்மைப்படுத்தும் சமூகவியல் வகை. நாடாளுமன்றம், தேர்தல் முறை போன்ற நிறுவனங்கள் நிலைத்திருப்பதை இவை நன்றாக விளக்கின. அவை ஏன் மாறுகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அதிர்ச்சியையே சுட்டின. அரசியல் அறிவியலாளர் விவியன் ஷ்மிட் 2008இல் விரித்துரைத்த நான்காவது வகையான டிஸ்கர்சிவ் இன்ஸ்டிட்யூஷனலிசமோ, நிறுவனத்துக்குள் இருப்பவர்களே அதைப் பற்றிச் சிந்திக்கவும் விமர்சிக்கவும் பிறரை இணங்கவைத்து அதை மாற்றவும் வல்லவர்கள் என்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: பிரிட்டனில் 1970களில் விலைவாசியும் வேலையின்மையும் ஒருசேர ஏறியபோது, அரசுச் செலவால் வேலைவாய்ப்பைக் காக்கலாம் என்ற கெயின்சியப் பொருளியல் தடுமாறியது உண்மைதான். ஆனால் மாற்றுக் கொள்கை எது என்பதை அந்த நெருக்கடி தானாகச் சொல்லிவிடவில்லை. அரசுச் செலவைக் கூட்டியே மந்தநிலையிலிருந்து மீளலாம் என்ற வழி இனி இல்லை என்று தொழிற்கட்சிப் பிரதமர் ஜேம்ஸ் கலகன் 1976இல் தம் கட்சி மாநாட்டிலேயே பேசினார். அந்த வழியைக் கைவிட்ட கன்சர்வேட்டிவ் கட்சியின் தாட்சர் பிரதமராகப் பதவியேற்றது 1979இல். ஆட்சி மாறுவதற்கு மூன்றாண்டுகள் முன்பே பேச்சு மாறத் தொடங்கிவிட்டது. (அதே 1976இல் பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் கேட்கும் நிலையும் வந்தது என்று யாரேனும் நினைவூட்டக்கூடும். எண்ணம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இக்கோட்பாடும் சொல்லவில்லை.)

‘டிஸ்கோர்ஸ்’ என்பதற்குச் ‘சொல்லாடல்’ இலக்கியத் திறனாய்வில் வேரூன்றிய சொல்லே. ஆயினும் இன்று செய்தி எழுத்தில் அது வெறும் சொற்பயன்பாடு என்ற பொருளுக்குச் சுருங்கிவருகிறது. ஷ்மிட்டின் வரையறையிலோ சொல்லப்படும் கருத்தும், அதை யார் யாரிடம் எங்கே எதற்காகச் சொல்கிறார் என்ற ஊடாட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. ‘கருத்தாடல்’ என்பதில் கருத்தும் ஆடலும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால், இந்த இரண்டு பக்கங்களையும் அது ஒரே சொல்லில் ஏந்துகிறது.

‘அமைப்பு’ என்றால் வாசகர், மொழியையும் பண்பாட்டையும் கட்டமைப்புகளாகப் பார்க்கும் அமைப்பியலுக்கு (ஸ்ட்ரக்சுரலிசம்) போய்விடுவார். ‘நிறுவனம்’ என்றதும் கம்பெனி நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பு நியாயமானது. இருந்தும் ‘நிறுவு’ என்னும் வினை அதனுள் இருப்பதால், நாடாளுமன்றமும் தேர்தல் முறையும் மனிதர் நிறுவியவை, ஆகவே மனிதரால் மாற்றக்கூடியவை என்ற குறிப்பு அதில் தங்குகிறது. ‘வாதம்’ வேண்டாம், இனவாதம், பிரிவினைவாதம் என்று பழகிய காதுக்கு அது கண்டனமாகவே ஒலிக்கும். மார்க்சியம், பெண்ணியம் போல ‘நிறுவனவியம்’ எனலாம். ஆக, என் முன்மொழிவு ‘கருத்தாடல்சார் நிறுவனவியம்’.

ஷ்மிட் பிரித்துக்காட்டும் இரு வகைகளில், கொள்கை வகுப்போர் தமக்குள் நடத்துவதை ‘ஒருங்கிணைப்புக் கருத்தாடல்’ எனலாம். அதை மக்களிடம் எடுத்துச் சென்று விளக்குவதற்கு ‘மன்றக் கருத்தாடல்’ என்று எழுதிப் பார்த்தேன். சட்டமன்றம் குறுக்கே வந்ததால் அடித்துவிட்டேன். ‘பொதுவெளிக் கருத்தாடல்’ இப்போதைக்குப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.